15 மீட்டர் அகலத் தெருவில் எல்லாருக்கும் இடம் பிரிப்பது எப்படி? (திருவொற்றியூர் பக்கம்)

காலடிப்பேட்டை கலா:

எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர் ஹை ரோட்டிலிருந்து எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பக்கம் இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறோம். மழைநீர் வடிகால் வேலை முடிந்ததும் தெருவை முழுசாகத் தோண்டிப் புதிதாகப் போடப் போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் தெருக்காரர்கள் சார்பில் என்ன கேட்பது என்று பேச உட்கார்ந்தால் ஒவ்வொரு தடவையும் சண்டையில்தான் முடிகிறது. பைக், கார் வைத்திருப்பவர்கள் ரோட்டை அகலமாகப் போடச் சொல்கிறார்கள், கடைக்காரர்கள் வண்டி நிறுத்த இடம் கேட்கிறார்கள், வயசானவர்கள் ஒழுங்கான பிளாட்பாரம் வேண்டும் என்கிறார்கள். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் முடிவுக்கு வர முடியவில்லை.

டேப் பிடித்து அளந்தோம். குறுகலான இடத்தில் சுவருக்குச் சுவர் 15 மீட்டர். ஒரு முனையில் மெட்ரோவுக்குப் போய்வரும் கூட்டம், நடுவில் பள்ளிக்கூடம், இன்னொரு முனையில் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டும் ரோடு. எம்டிசி பஸ் வருகிறது, ஷேர் ஆட்டோ வருகிறது, விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து மீன்பாடி வண்டிகள் வரும்.

இப்போது பிளாட்பாரம் என்று இருப்பது வடிகால் மேல் போட்ட கான்கிரீட் மூடிதான். அதுவும் முழங்கால் உயரம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அது வெட்டுப்பட்டு சரிவாக இறங்கும், அடுத்த வீட்டில் மறுபடி ஏற வேண்டும், நடுவில் ஈபி பெட்டி வேறு. என் அம்மாவுக்கு மூட்டு வலி. அவர் அதில் ஏறுவதே இல்லை, ரோட்டோரமாகத்தான் நடக்கிறார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகளும் அப்படித்தான் நடக்கிறார்கள். பக்கத்தில் பைக்குகள் உரசிக்கொண்டு போகும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

என்ஜினீயரிடம் போய் "நல்லா போடுங்க சார்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இத்தனை அடி இதுக்கு, இத்தனை அடி அதுக்கு என்று கையில் கணக்கோடு போக வேண்டும். சைக்கிளுக்குத் தனிப் பாதை கேட்கலாமா? நாலு ஸ்பீடு பிரேக்கர் போட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுவரிலிருந்து நடுவுக்கு:

கலா அக்கா, நான் ரோடு டிசைன் வேலையில் இருப்பவன், பிழைப்பே இதுதான். நம்ம ஊரில் தெருவை நடுவிலிருந்து பிரிக்கிறார்கள். முதலில் வண்டிக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு தார், மிச்சம் மீதி இருந்தால் ஓரத்தில் நடப்பவனுக்கு. நீங்கள் அதைத் தலைகீழாகக் கேளுங்கள். சுவரிலிருந்து அளக்க ஆரம்பித்து நடுவுக்கு வாருங்கள்.

இந்திய சாலைக் காங்கிரஸின் நடைபாதை விதி (ஐஆர்சி 103) குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. கர்ப் கல்லின் (நடைபாதையின் ரோட்டோர விளிம்புக் கல்) உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 'தடையில்லாமல்' என்பதைக் கூட்டத்தில் அழுத்திச் சொல்லுங்கள். அந்த 1.8 மீட்டருக்குள் ஈபி பெட்டி, விளக்குக் கம்பம், மரம், விளம்பரத் தட்டி எதுவும் வரக் கூடாது. அதற்கெல்லாம் கர்ப் பக்கமாக 70 சென்டிமீட்டர் தனிப் பட்டை விடுங்கள். ஆக ஒரு பக்கத்துக்கு 2.5 மீட்டர்.

அப்புறம் தார் ரோடு. எதிரெதிராக இரண்டு பஸ் ஒதுங்கிப் போக 6.5 மீட்டர் போதும், லேனுக்கு 3.25. "அய்யோ குறுகலாச்சே" என்பார்கள். குறுகலாகத்தான் இருக்க வேண்டும். அகலமான, நேரான தாரைப் பார்த்தால் கை தானாக ஆக்சிலரேட்டரை முறுக்கும், எந்த போர்டும் அதைத் தடுக்காது. குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டர்தான் வேகம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. யார் அந்த வேகத்தில் போகிறார்கள்? தெருவின் அமைப்பு 50-ல் போகச் சொல்லும்போது போர்டு 30 என்றால் யார் மதிப்பார்கள்?

30-க்கும் 50-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை குறுக்கே ஓடுகிறது. ஓட்டுபவர் பார்த்து, மூளைக்கு எட்டி, காலை பிரேக்கில் வைக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். 30-ல் வருபவர் அதையும் சேர்த்து சுமார் 14 மீட்டரில் நின்றுவிடுவார். 50-ல் வருபவர் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் வந்துவிடுவார். அதாவது முதல் வண்டி நின்றுவிட்ட இடத்தில்தான் இரண்டாவது வண்டிக்காரர் பிரேக்கையே மிதிக்கத் தொடங்குகிறார். அவர் முழுசாக நிற்க மொத்தம் 30 மீட்டர் வேண்டும்.

இதுவரை 2.5, 6.5, 2.5. கூட்டினால் 11.5. மிச்சம் 3.5 மீட்டர் இருக்கிறது. பள்ளிக்கூடம் எந்தப் பக்கமோ அந்தப் பக்க நடைபாதையோடு 1.5 மீட்டரைச் சேர்த்து 4 மீட்டராக்குங்கள். எதிர்ப் பக்கம் 2 மீட்டர் பட்டையாக வண்டி நிறுத்த, தள்ளுவண்டிக் கடைகளுக்கு. சரியாக 15.

ஸ்பீடு பிரேக்கர் கேட்பவர்களிடம் மேசை மாதிரி உயர்த்திய கிராசிங் கேட்கச் சொல்லுங்கள். பள்ளி வாசலில் ஒன்று, பஸ் ஸ்டாப்பில் ஒன்று, இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று. நடைபாதை மட்டத்துக்கே ரோட்டை உயர்த்தி, இரண்டு பக்கமும் சரிவு. பிள்ளைகள் ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் கடந்துவிடலாம், வண்டி ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். நம்ம தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் போடும் குட்டைக் கூர் மேடு இருக்கிறதே, அது முதுகை உடைக்குமே தவிர விதியில் இல்லாதது. வட்ட வடிவ மேடு 3.7 மீட்டர் நீளத்தில் 10 சென்டிமீட்டர்தான் உயர வேண்டும் என்று அதற்கும் அளவு இருக்கிறது.

குறுகலான ரோட்டில் இன்னொரு லாபம், கடக்கும் தூரம் குறைவு. உங்கள் அம்மா நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறார் என்று வைத்துக்கொண்டால் 12 மீட்டர் தாரைக் கடக்க 15 நொடி, 6.5 மீட்டரைக் கடக்க 8 நொடி. பாதி நேரம்தான் வண்டிகளுக்கு முன்னால் நிற்கிறார்.

ஜீரோ கேட் மணி:

நான் டிரெய்லர் ஓட்டுறவன். எங்களைத் திட்டாத ஆள் வடசென்னையில் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் தெருவை டிசைன் பண்ணும்போது எங்க வண்டி எப்படித் திரும்பும்னு தெரிஞ்சுக்காம பண்ணினா ஆள் செத்துப்போவான், அதனால சொல்றேன்.

40 அடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் இடதுபக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் வராது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முனையில் கர்ப் கல் மேல நின்னாலும் பின் சக்கரம் ஏறிடும். அதுவும் இல்லாம கேபினிலிருந்து எனக்கு இடது பக்கம் கீழே ஒட்டி நிற்கிற சைக்கிள்காரன் தெரியவே மாட்டான். கண்ணாடியில் கொஞ்சம் தெரியும், திரும்ப ஆரம்பிச்சதும் கண்ணாடியில் என் கண்டெய்னர் மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்க. இண்டிகேட்டர் போட்ட டிரெய்லருக்கு இடது பக்கம் ஒருநாளும் நுழையக் கூடாது, பின்னாடியே நிக்கணும்.

கலாம்மா, உங்க தெருவுக்குள்ள டிரெய்லர் வரவே கூடாது. ஹார்பர் வரிசை நகராதப்போ குறுக்கு வழியா உள்ள புகுறவங்க உண்டு. எக்ஸ்பிரஸ் ரோட்டு முனையில் உயரத் தடுப்புக் கம்பி போடச் சொல்லுங்க. சாதாரண கண்டெய்னரே எட்டரை அடி உயரம், சிலது ஒன்பதரை. அதைத் தூக்கி டிரெய்லர் மேல வெச்சா மொத்தம் 4 மீட்டரைத் தாண்டிடும். பஸ் அதைவிடக் குட்டை. கம்பியை இரண்டுக்கும் நடுவில் வெச்சா பஸ் போகும், கண்டெய்னர் போகாது. ஃபயர் சர்வீஸ்காரங்ககிட்ட அவங்க வண்டி உயரத்தைக் கேட்டுக்கிட்டு உயரத்தை முடிவு பண்ணுங்க, அதை மறந்துடாதீங்க. லோடு இல்லாத டிரெய்லர் கம்பிக்குக் கீழே நுழைஞ்சிடும். அதுக்கு முனையை இறுக்கமாக் கட்டினாலே போதும். வளைவு பெரிசா இருந்தாத்தான் நாங்க நம்பித் திருப்புவோம்.

மணலி ஷிஃப்ட்:

கொருக்குப்பேட்டையிலிருந்து மணலிக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். சைக்கிள் பாதை பற்றிக் கேட்டிருந்தீர்கள், எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

உங்கள் தெருவுக்குள் தனிப் பாதை வேண்டாம். வண்டிகள் உண்மையாகவே 30-ல் போனால் நான் அவர்களோடு ஒரே லேனில் நிம்மதியாக மிதிப்பேன். மீன்பாடி வண்டிக்கும் அதுதான் வசதி. தார் ஓரத்தில் பெயிண்ட் அடித்து சைக்கிள் படம் போட்ட பாதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். மறுநாளே அதில் கார் நிற்கும், நான் காரைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்கு வர வேண்டியிருக்கும், பாதையே இல்லாததைவிட ஆபத்து. தனிப் பாதை கட்டாயம் வேண்டிய இடம் எக்ஸ்பிரஸ் ரோடு. அங்கே கண்டெய்னருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் கான்கிரீட்டில் பிரித்த, குறைந்தது 2 மீட்டர் அகலப் பாதை இல்லாமல் எந்த அமைப்பும் சரி வராது. அந்த ரோடு உங்கள் வார்டு கையில் இல்லை, ஆனாலும் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள்.

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே வருஷா வருஷம் சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போக பயப்படாத ஒரு ரோடு வேண்டாமா? எனக்கு இது நெஞ்சில் தைக்கும் விஷயம். எங்கள் பக்கம் சைக்கிளை வாங்கி வீட்டில் நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோவில் போகும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓட்டத் தெரியாமல் இல்லை, அப்பா அம்மாவுக்கு லாரிக்குப் பயம்.

சின்ன விஷயம், ஆனால் கவனியுங்கள். மழைத்தண்ணீர் இறங்க ரோட்டோரம் இரும்புக் கம்பி மூடி போடுவார்கள். கம்பிகள் ரோட்டின் நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் அப்படியே உள்ளே இறங்கி மாட்டிக்கொள்ளும், ஓட்டுகிறவன் முன்னால் தூக்கி எறியப்படுவான். குறுக்குவாட்டில்தான் இருக்க வேண்டும். வேலை நடக்கும்போதே நின்று பாருங்கள், போட்ட பிறகு யாரும் மாற்ற வர மாட்டார்கள்.

வண்ணாரப்பேட்டை ஜவுளி:

எம்.சி. ரோடு பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கடைக்காரர்களை எதிரியாக நினைத்துப் பேச ஆரம்பித்தால் வேலை நடக்காது, அவர்கள் பயத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கார் நிற்க இடம் இல்லை என்றால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்பதுதான் அந்த பயம்.

அவர்களை ஒருநாள் சாயந்திரம் கடை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எதில் வந்தார்கள் என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் பண்டிகைக் கூட்டம் முக்கால்வாசி பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து நடந்துதான் கடை ஏறுகிறது. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்து டூவீலர் நிற்கும். அதனால் அந்த 2 மீட்டர் பட்டையை டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் சரக்கு இறக்கும் வண்டிக்கும் கேளுங்கள். சரக்கு வண்டிக்கு நேரம் குறித்து இடம் விட மறக்காதீர்கள். அதை விட்டுவிட்டால் குட்டியானை பிளாட்பாரத்தின் மேல்தான் ஏறி நிற்கும், கல் உடையும், அப்புறம் எல்லாம் பழைய கதை. தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதை வளாகம் திறந்தபோதும் வண்டி எங்கே நிறுத்துவது என்பதுதான் கடைக்காரர்களின் முதல் கேள்வி. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அவர்களும் வருவார்கள்.

பூக்காரம்மா, இட்லிக் கடை, மீன் விற்கிறவர்கள், இவர்களை விரட்டாதீர்கள். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு உரிமை தருகிறது. ராத்திரி எட்டு மணிக்கு மெட்ரோவிலிருந்து இறங்கித் தனியாக நடக்கும் ஒரு பெண்ணுக்கு, வெளிச்சம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நாலு கடைகள்தான் துணை. நடக்கும் 1.8 மீட்டருக்கு வெளியே, நிறுத்துமிடப் பட்டையிலேயே அவர்களுக்குக் கட்டம் போட்டுக் கொடுங்கள்.

காலடிப்பேட்டை கலா:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, மனசார நன்றி. மணி அண்ணே, டிரெய்லர் விஷயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பள்ளி ஹெட்மிஸ்டிரஸிடம் இன்றைக்கே பேசுகிறேன்.

இரண்டு சந்தேகம். நடைபாதையைத் தாழ்வாகப் போட்டால் பைக்குகள் ஏறி ஓட்டுவார்களே, அதனால் உயரமாகவே இருக்கட்டும் என்று எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர் பிடிவாதமாக இருக்கிறார். இன்னொன்று பஸ். வண்டிகள் தேங்காமல் இருக்க பஸ் ஸ்டாப்புக்குத் தார் ரோட்டைக் குடைந்து தனி இடம் விட வேண்டும் என்கிறார்கள். அது நடைபாதையைத்தானே தின்னும்?

வியாசை ராஜி:

கலா, இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இது என் அன்றாடம். எனக்குச் சின்ன வயசிலிருந்து காலிபர் (காலைத் தாங்கும் கம்பிக் கட்டு), ஊன்றுகோல். 2025 ஜூன் 30 அன்று எங்கள் வியாசர்பாடி பணிமனையிலிருந்துதான் 120 தாழ்தள மின்சார பஸ்களை ஓட விட்டார்கள். தரையிலிருந்து 400 மில்லிமீட்டரில் பஸ்ஸின் தளம், கதவோரம் சாய்வுப் பலகை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஆனால் ஸ்டாப்பில் என்ன நடக்கிறது? நிழற்குடைக்கு முன்னால் ஆட்டோவும் பைக்கும் நிற்கும். பஸ் ஓரம் கட்ட முடியாமல் நடுரோட்டில் நிற்கும். நான் நடைபாதையிலிருந்து ரோட்டில் இறங்கி, வண்டிகளுக்கு நடுவில் போய், தரையிலிருந்து ஏற வேண்டும். அப்போது பலகையைப் போட்டாலும் செங்குத்தாக இருக்கும், சக்கர நாற்காலியில் வருபவர் ஏறவே முடியாது. அதே பஸ் 150 மில்லிமீட்டர் உயர நடைபாதையை ஒட்டி நின்றால் மிச்சம் 250 மில்லிமீட்டர்தான், சரிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பஸ்ஸுக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துவிட்டு அது ஓரம் கட்ட ஒரு கல் வரிசை சரியாக இல்லை என்றால் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

அதனால் ரோட்டைக் குடையச் சொல்லாதீர்கள். குடைந்த இடத்துக்குள் ஷேர் ஆட்டோ போய் நின்றுவிடும், பஸ் வெளியிலேயே நிற்கும், தினமும் பார்க்கிறோம். பள்ளிப் பக்கம் நடைபாதையை ஒட்டியே பஸ் வந்துவிடும். எதிர்ப் பக்கத்தில் நிறுத்துமிடப் பட்டை குறுக்கே வருகிறது, அங்கே ஸ்டாப் இருக்கும் நீளத்துக்கு மட்டும் நடைபாதையை அந்த 2 மீட்டர் வெளியே நீட்டச் சொல்லுங்கள். பஸ் லேனிலேயே நிற்கும், ஆள் ஏறி இறங்கும் நேரம் பின்னால் வரும் வண்டிகள் காத்திருக்கும். காத்திருக்கட்டுமே. ஒரு பஸ்ஸில் அறுபது பேர் இருக்கிறார்கள், சாதா பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணமும் இல்லை, நம்ம பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் அதில்தான் போகிறார்கள்.

சுவரிலிருந்து நடுவுக்கு:

ராஜி மேடம் சொன்னதை அப்படியே வரைபடத்தில் போட்டுக்கொடுக்கிறேன்.

பெரியவரின் பயம் நியாயமானது, தீர்வுதான் தப்பு. உயரமாகப் போட்டால் பைக் ஏறாது, உங்கள் அம்மாவும் ஏற மாட்டார். பைக் ஏறுவது உயரத்தால் இல்லை, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நடைபாதையை வெட்டிச் சரிவு போடுவதால். நடைபாதை நேராகப் போகட்டும், வீட்டுக்குள் போகும் கார் கர்ப் ஓரப் பட்டையில் உள்ள குட்டிச் சரிவில் ஏறி நடைபாதையைக் கடந்து போகட்டும். தெரு முனைகளில் குட்டைக் கம்பங்கள் நடலாம். சக்கர நாற்காலி போக ஒரு மீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும், அதில் பைக்கும் நுழையும்தான், அதை முழுசாகத் தடுக்க முடியாது. ரோட்டில் வண்டி ஓட வழி இருந்து, நடைபாதையில் ஆள் நடமாட்டமும் இருந்தால் ஏறுவது தானாகக் குறையும்.

கூட்டத்துக்குப் போகும்போது கையில் இதையும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றிருக்கிறது, போக்குவரத்து ஒதுக்கீட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்பது அதில் உண்டு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்குள் வருகிறது என்று சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198-ஏ பிரிவின்படி, தர அளவுகளை மீறிப் போட்ட ரோட்டில் உயிர் போனால் டிசைன் செய்தவர், போட்டவர், பராமரிப்பவர் வரைக்கும் பொறுப்பு, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மிரட்டுகிற தொனியில் சொல்ல வேண்டாம், மனுவில் ஒரு வரியாக எழுதுங்கள்.

கூட்டத்தில் வாய்ப்பேச்சாகச் சரி என்பார்கள், டெண்டரில் பழைய படம்தான் இருக்கும். அதனால் தெருவின் குறுக்குவெட்டுப் படத்தின் நகலை முன்கூட்டியே கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். படம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது வடிகால் மூடியின் மட்டம். அது தார் மட்டத்திலிருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கான்கிரீட் போடும் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள். மேலேயே போட்டால் ரோடு உயர்ந்து, மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும், நடைபாதைக் கணக்கும் கெட்டுப்போகும்.

ஜீரோ கேட் மணி:

தார் போடுறதுக்கு முன்னாடி முனை வளைவை சுண்ணாம்புக் கோடு போட்டு மார்க் பண்ணச் சொல்லுங்க. தேதி தெரிஞ்சா எனக்கு மெசேஜ் போடுங்க கலாம்மா. ஷிஃப்ட் இல்லாத நாளா இருந்தா நானே வந்து நின்னு, பஸ் திரும்புமா, டிரெய்லர் நுழையுமான்னு பார்த்துச் சொல்றேன்.